தமிழ்மொழி மூலப் பிள்ளைகளுக்கும் ஒரு வெளிநாட்டு மொழி வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

கல்விச் சீர்திருத்தம் பற்றி உங்கள் பத்திரிகையில் வரும் கட்டுரைகளையும் கடிதங்களையும் தொடர்ந்து வாசிக்கிறேன். கணிதம், வரலாறு, பாடவேளையின் நீளம், பரீட்சைச் சுமை என்று எல்லாமே பேசப்படுகின்றன. வெளிநாட்டு மொழிகளைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கக் காணோம். அதிலும் தமிழ்மொழி மூலம் படிக்கிற பிள்ளைக்கு அந்த மொழிகள் ஏன் கைக்கு எட்டாமலே இருக்கின்றன என்று யாருமே கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான கடிதம். இடமிருந்தால் வெட்டாமல் போடுங்கள்.

நான் வெள்ளவத்தையில் பின்னேரங்களில் ஜேர்மன் மொழி சொல்லிக்கொடுக்கிறேன். கல்யாணம் முடித்துக் கணவரிடம் போகக் காத்திருக்கிற பெண்கள், தாதியர் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள், மேற்படிப்புக்குப் போக நினைக்கிற பெடியன்கள் என்று பல பேர் வருவார்கள். என் மகள் கொழும்பில் ஒரு தமிழ்மொழி மூலப் பாடசாலையில் படிக்கிறாள். அதனால் இந்த விஷயத்தின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும். பாடசாலையில் மொழி கிடைக்காத பிள்ளை என் வீட்டிலேயே இருக்கிறது, அப்படிக் கிடைக்காமலே வளர்ந்து இருபத்தைந்து முப்பது வயதில் அவசர அவசரமாகப் படிக்க வருகிறவர்கள் பின்னேரம் என் முன்னால் வந்து உட்காருகிறார்கள்.

பதினோராம் தர முடிவில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சைக்கு (ஓ.எல்.) ஒன்பது பாடங்கள். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் கட்டாயம். மிச்சம் மூன்றையும் மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். முதலாம் தொகுதிக்கு அரசாங்கம் வைத்திருக்கிற பட்டியலைப் பார்த்தால் சந்தோசமாக இருக்கும்: புவியியல், குடியியல், வணிகக் கல்வி போன்றவற்றோடு பிரெஞ்சு, ஜேர்மன், ஜப்பானிய மொழி, சீனம், கொரிய மொழி, ரஷ்ய மொழி, ஹிந்தி, அரபு எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் ஒன்பதாம் தரம் முடிகிற நேரத்தில் பாடசாலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த படிவத்தில் இருந்தவை புவியியல், குடியியல், வணிகம், இரண்டாம் மொழிச் சிங்களம், அவ்வளவுதான். மகளுக்குப் பிரெஞ்சு படிக்க ஆசை. என் அக்காவின் பிள்ளைகள் பாரிஸில் இருக்கிறார்கள், அவர்களோடு வீடியோவில் பேசிப் பேசி வந்த ஆசை. போய்க் கேட்டேன். "ரீச்சர் இல்லை அம்மா, எடுக்கிறதென்றாலும் சிங்களத்தை விடவேண்டி வரும்" என்று சொன்னார்கள். சொன்னவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் நல்ல மனுஷி, அவர் கையில் எதுவும் இல்லை.

அந்தப் பதிலின் இரண்டாவது பாதிதான் என்னை அதிகம் உறுத்தியது. இரண்டாம் மொழிச் சிங்களத்தையும் பிரெஞ்சையும் ஜப்பானிய மொழியையும் ஒரே தொகுதிக்குள் போட்டு, ஒன்றை எடுத்தால் மற்றதை விடு என்று சொல்லும் ஏற்பாட்டை யார் எந்தக் காலத்தில் யோசித்தார்களோ, கொழும்பில் வாழ்கிற தமிழ்ப் பிள்ளையை அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது. இந்த நகரத்தில் பொலிஸ் நிலையம், ஆஸ்பத்திரி, பிரதேச செயலகம், பஸ் என்று எங்கே போனாலும் சிங்களம் தேவை. 1987 இல் 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி ஆகிவிட்டது, சரி, ஆனாலும் கவுண்டரில் நிற்கிற நேரத்தில் நமக்குச் சிங்களம் தெரிந்திருந்தால்தான் வேலை நடக்கிறது. 2007 இலிருந்து அரச சேவையில் சேர்கிறவர்கள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்ற சுற்றறிக்கையும் இருக்கிறது. இவ்வளவும் தெரிந்த எந்தத் தாய் தகப்பன் தங்கள் பிள்ளையிடம் ஒன்பதாம் தரத்தோடு சிங்களத்தை விட்டுவிடு என்று சொல்வார்கள்? நானும் சொல்லவில்லை. சிங்களமொழி மூலப் பிள்ளைக்கு இந்த இக்கட்டு இவ்வளவு இல்லை, ஏனென்றால் இரண்டாம் மொழித் தமிழ் இல்லாமலே கொழும்பில் ஒரு ஆயுளை ஓட்டிவிடலாம். (அதுவும் மாற வேண்டிய விஷயம்தான், அதை இன்னொரு கடிதத்தில் எழுதலாம்.) ஆக, ஒரே விதி இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருந்தாலும் தமிழ்ப் பிள்ளைக்கு வெளிநாட்டு மொழியின் கதவு நடைமுறையில் மூடித்தான் கிடக்கிறது.

ஆகவே முதல் வேலை, இரண்டாம் தேசிய மொழியை அந்தத் தொகுதியிலிருந்து வெளியே எடுப்பது. அதைக் கட்டாயம் ஆக்குங்கள், அல்லது தனிப் பகுதியாக வையுங்கள். ஆறாம் தரத்திலிருந்து ஒன்பதாம் தரம் வரை எல்லாப் பிள்ளையும் படிக்கிற பாடத்தைப் பத்தாம் தரத்தில் திடீரென்று சீனத்தோடும் ஜேர்மனோடும் போட்டிக்கு விடுவதில் எந்த நியாயமும் இல்லை.

அடுத்தது ஆசிரியர். இங்கே ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தமிழ்மொழி மூலப் பாடசாலையில் பிரெஞ்சோ ஜேர்மனோ சாதாரண தரத்துக்கு இல்லை, அதனால் உயர்தரத்துக்கும் யாரும் எடுப்பதில்லை. உயர்தரத்தில் எடுக்காததால் களனிப் பல்கலைக்கழகத்தின் நவீன மொழிகள் துறைக்குத் தமிழ்ப் பிள்ளைகள் போவது மிக அரிது. நான் கூட்டங்களிலும் பயிற்சிகளிலும் சந்தித்த அந்தத் துறைப் பட்டதாரிகளில் தமிழில் விளக்கம் சொல்லக்கூடியவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. பட்டதாரி இல்லாததால் ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இல்லாததால் அதிபர் பாடத்தைத் தொடங்க முடியாது. பாடம் இல்லாததால் அந்தப் பாடசாலையின் ஆளணியில் அப்படியொரு இடமும் இல்லை, இடமில்லாத இடத்துக்கு வலயத்திலிருந்து யாரை அனுப்புவார்கள்? முஸ்லிம் பாடசாலைகளில் அரபு மட்டும் இந்த வட்டத்துக்குள் சிக்காமல் தப்பியிருக்கிறது, ஏனென்றால் அங்கே சமூகமே ஆசிரியர்களை உருவாக்கி வைத்திருந்தது. தமிழ்மொழி மூலத்தில் ஒரு வெளிநாட்டு மொழியை நன்றாகக் கற்பிக்க முடியும் என்பதற்கு வேறு அத்தாட்சி தேட வேண்டியதில்லை.

இதற்கிடையில் வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் சர்வதேசப் பாடசாலைகளில் பிரெஞ்சு படிக்கிறார்கள், அல்லது சனிக்கிழமைகளில் பார்ன்ஸ் பிளேஸில் இருக்கிற அலியான்ஸ் பிரான்சேஸுக்கோ கொழும்பு ஏழில் இருக்கிற கோதே நிறுவனத்துக்கோ போகிறார்கள். போகட்டும், நல்ல இடங்கள், நானும் அப்படிப்பட்ட ஒரு வகுப்பில் இருந்து வந்தவள்தான். கொட்டாஞ்சேனையில் இருந்து அரசாங்கப் பாடசாலைக்கு நடந்து போகிற பிள்ளைக்கு அந்த வகுப்புக் கட்டணம் கட்ட வழியில்லை என்பதைத்தான் சொல்கிறேன். இலவசக் கல்வி இருக்கிற நாட்டில், பட்டியலில் இருக்கிற பாடம் ஒன்று காசுள்ளவர்களுக்கு மட்டும் கிடைப்பது சரியா?

இப்போது மறுபக்கத்தைச் சொல்கிறேன்.

2007 இலிருந்து ஜேர்மனியில் இருக்கிற துணையிடம் போக விசா எடுப்பதற்கு, சில விதிவிலக்குகள் தவிர, ஏ1 மட்டத்தில் ஜேர்மன் தெரியும் என்று காட்ட வேண்டும். ஏ1 என்பது ஆரம்பப் படிதான். பரீட்சையின் பேச்சுப் பகுதியில் முதலில் தன்னைத் தானே அறிமுகப்படுத்த வேண்டும், அதற்கு ஒரு சிறு அட்டையில் பெயர், வயது, நாடு, வசிப்பிடம், மொழிகள், தொழில், பொழுதுபோக்கு என்று ஏழு சொற்கள் எழுதியிருக்கும். பிறகு பெயரை எழுத்துக்கூட்டச் சொல்வார்கள், ஒரு இலக்கத்தைச் சொல்லச் சொல்வார்கள். கேட்கும்போது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் எங்கள் பெயர்களை எழுத்துக்கூட்டிப் பாருங்கள், பாஸ்போர்ட்டில் இருபது எழுத்துக்குக் குறையாமல் நீண்டிருக்கும், ஜேர்மன் எழுத்துகளின் ஒலியோ ஆங்கில ஒலியிலிருந்து மாறுபடும், ஈ என்று ஆங்கிலத்தில் சொல்கிற எழுத்தை அங்கே ஏ என்பார்கள், ஆங்கிலத்தில் ஐ என்பதை ஈ என்பார்கள். போன மாதம் ஒரு பிள்ளை, பட்டம் பெற்று வங்கியில் வேலை பார்த்த கெட்டிக்காரி, தன் தகப்பன் பெயரை எழுத்துக்கூட்டும்போது பாதியில் ஆங்கிலத்துக்குள் போய்விட்டாள், திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள், திரும்பவும் அதே இடத்தில் தடுக்கியது. இலக்கங்களிலும் இதே தொல்லை. இருபத்தொன்று என்பதை ஜேர்மன்காரர் ஒன்றை முன்னால் வைத்து இருபதைப் பின்னால் சொல்வார்கள், அதனால் யாராவது ஒரு விலையைச் சொன்னால் காதில் விழுந்ததைத் தலைக்குள் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வயதில் இது விளையாட்டு. இருபத்தெட்டு வயதில், அங்கே கணவர், இங்கே சாமான் கட்டி வைத்த மாமியார், பரீட்சைத் திகதி நெருங்குகிறது, காசும் கட்டியாயிற்று என்கிற நிலையில் அது விளையாட்டில்லை. சிலர் அழுவார்கள்.

அவர்களுக்கு மொழி படிக்க நேரமில்லை, பரீட்சையைத் தாண்டத்தான் நேரமிருக்கிறது. மாதிரி விடைகளைப் பாடமாக்குகிறார்கள், சான்றிதழ் எடுக்கிறார்கள், விமானம் ஏறுகிறார்கள், ஏறிய பிறகு அந்த நாட்டு டொக்டரிடம் போய்ப் பிள்ளைக்கு எங்கே நோகிறது என்று சொல்லத் தெரியாமல் நிற்கிறார்கள். தாதியாக அங்கீகாரம் பெற்று வேலை செய்யப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் பி2 வேண்டும், அது ஏ1 ஐவிட மூன்று படி மேலே. பிரான்சிலும் விதி இறுகிவிட்டது. 2024 ஜனவரியில் கொண்டுவந்த சட்டத்தின்படி 2026 தொடக்கத்திலிருந்து பத்து வருட வதிவிட அட்டைக்கு பி2 க்கு ஒரு படி கீழே உள்ள பி1, குடியுரிமைக்கு பி2 என்று உயர்த்தியிருக்கிறார்கள். ஜப்பான் 2019 இல் தொடங்கிய குறித்த திறன் தொழிலாளர் விசாவுக்கு இலங்கையும் அதே வருடம் உடன்பாடு செய்துகொண்டது, அதற்கும் மொழிப் பரீட்சை உண்டு. கொரியாவின் தொழில் அனுமதித் திட்டத்தில் இலங்கை 2004 இலேயே சேர்ந்துவிட்டது, அந்தப் பரீட்சையில் பாதிக் கேள்விகள் காதால் கேட்டு விடை சொல்ல வேண்டியவை. இத்தனையும் நம் பிள்ளைகள் பாடசாலையில் இருந்த காலத்திலேயே நடந்துகொண்டிருந்தன, பாடசாலையின் நேரசூசியில் மட்டும் ஒரு அசைவும் இல்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கோதே நிறுவனம் ஏ1 க்கு 80 முதல் 200 பாடவேளைகளும் பி1 க்கு 350 முதல் 650 பாடவேளைகளும் தேவைப்படும் என்று சொல்கிறது, ஒரு பாடவேளை 45 நிமிடம். எங்கள் பாடசாலைகளில் 40 நிமிடப் பாடவேளை என்று வைத்துக்கொள்வோம். கிழமைக்கு மூன்று பாடவேளை, வருடத்துக்கு முப்பத்தைந்து கிழமை என்று குறைத்தே எடுத்தாலும் நூற்றைந்து பாடவேளை வரும். ஆறாம் தரத்திலிருந்து பதினோராம் தரம் வரை ஆறு வருடத்துக்கு அறுநூற்றுமுப்பது. 45 நிமிடக் கணக்கில் மாற்றினால் ஐந்நூற்றறுபது. அதாவது ஓ.எல். எழுதி முடிக்கிற பிள்ளை பதற்றமே இல்லாமல் பி1 மட்டத்துக்கு வந்து நிற்கலாம். கணவரிடம் போவதற்காக என்னிடம் படிக்க வருகிறவர்கள் கடன்பட்டு, வேலையை விட்டு, ராத்திரி கண் விழித்து எட்டப் பார்க்கிற இடத்தைத் தாண்டிய இடம் அது.

கற்பிக்கிற மொழி பற்றியும் சொல்ல வேண்டும், இதுதான் என் மனதுக்கு மிக நெருக்கமான விஷயம். வெளிநாட்டு மொழி என்றால் அதை ஆங்கிலத்தின் வழியாகத்தான் படிக்க வேண்டும் என்று நம்மில் பலர் நினைத்துவிட்டோம். நானும் ஆங்கிலத்தின் வழியாகத்தான் படித்தேன், கற்பிக்கத் தொடங்கிய பிறகுதான் தமிழ் எவ்வளவு நல்ல வழி என்று தெரிந்தது. ஜேர்மனில் நான்கு வேற்றுமைகள் உண்டு. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு அது பெரிய மலை. தமிழ்ப் பிள்ளை எட்டு வேற்றுமையை ஏற்கெனவே படித்துவிட்டு வருகிறது. 'நாய் மனிதனைக் கடித்தது' என்று சொன்னாலும் 'மனிதனை நாய் கடித்தது' என்று சொன்னாலும் கடி வாங்கியவன் மனிதன்தான், ஏனென்றால் ஐ உருபு அவனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் இடத்தை மாற்றினால் மனிதன் நாயைக் கடித்துவிடுவான். ஜேர்மனில் 'டெர் ஹுண்ட் பைஸ்ட் டென் மன்' என்பதைத் திருப்பி 'டென் மன் பைஸ்ட் டெர் ஹுண்ட்' என்றாலும் கடித்தது நாய்தான், அந்த 'டென்' நம்முடைய ஐ செய்கிற வேலையைச் செய்கிறது. இதைக் கரும்பலகையில் தமிழில் எழுதிக் காட்டிய அன்று வகுப்பில் இருந்தவர்களின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், "இவ்வளவுதானா மிஸ்?" என்று கேட்டார்கள். பிரெஞ்சிலும் ஜேர்மனிலும் முன்னால் நிற்பவரை எப்படி விளிப்பது என்பதற்கு இரண்டு வழி இருக்கிறது, நமக்கு நீயும் நீங்களும் போல. ஆங்கிலம் வழியாக விளக்கினால் அரை மணித்தியாலம் போகும், தமிழில் சொன்னால் அடுத்த வரிக்குப் போய்விடலாம். ஜப்பானிய மொழியிலும் கொரிய மொழியிலும் வினை கடைசியில் வரும், உருபு பெயருக்குப் பின்னால் வரும், 'நான் பாடசாலைக்குப் போகிறேன்' என்ற அதே வரிசை. கொரிய எழுத்து முறையில் மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரு கட்டமாகும், உயிர்மெய் படித்த பிள்ளைக்கு அந்த யோசனை புதிதல்ல. இத்தனை வசதி கையில் இருக்கும்போது அதை ஒதுக்கிவிட்டு, ஏற்கெனவே தடுமாறுகிற ஆங்கிலத்தின் வழியாக மூன்றாவது மொழியைப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது வீண் சிரமம்.

ஆகவே மகரகமவில் இருக்கிற தேசிய கல்வி நிறுவகம் தமிழில் விளக்கம் தருகிற ஆசிரியர் கையேடுகளையும், தமிழ் அர்த்தத்தோடு சொற்றொகுதிகளையும் தயாரிக்க வேண்டும். அதைச் செய்ய மொழி தெரிந்த தமிழர்கள் நாட்டில் இல்லாமல் இல்லை. இருபது முப்பது வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து தெஹிவளையிலும் யாழ்ப்பாணத்திலும் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறவர்களில் ஜேர்மனிலும் பிரெஞ்சிலும் கனவு காண்கிற அளவுக்குப் பழகியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆசிரியர் பயிற்சி கொடுத்துப் பகுதி நேரமாக எடுத்தால் என்ன?

கற்பித்தால் மட்டும் போதாது, பரீட்சையும் பேச வைக்க வேண்டும். நடனத்துக்கும் சங்கீதத்துக்கும் செயன்முறைப் பரீட்சை வைக்கிற நாங்கள், மூன்றாம் தரத்திலிருந்து பதினோராம் தரம் வரை ஆங்கிலம் படித்த பிள்ளையை ஓ.எல். பரீட்சையில் ஒரு நிமிடமாவது பேசச் சொல்லிக் கேட்பதில்லை, ஒரு ஒலிப்பதிவைக் கேட்டு விடை எழுதச் சொல்வதுமில்லை. வினாத்தாளில் என்ன கேட்கிறார்களோ அதைத்தான் வகுப்பில் படிப்பிப்பார்கள், அது ஆசிரியரின் குற்றமில்லை. அதன் விளைவை எல்லா வீட்டிலும் பார்க்கிறோம், ஆங்கிலத்தில் ஏ எடுத்த பிள்ளை போனில் ஆங்கிலத்தில் யாராவது பேசினால் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறது. பிரெஞ்சையும் ஜேர்மனையும் இதே மாதிரி இலக்கணப் பயிற்சிக் கொப்பியாக மட்டும் கொண்டுவந்தால் ஆறு வருடமும் வீணாகும், அப்படிக் கொண்டுவராமலே இருக்கலாம்.

"முதலில் ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் ஒழுங்காகப் படிக்கட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று சொல்கிறவர்கள் உண்டு, என் வீட்டுக்காரரே சொல்வார். பிள்ளையின் மூளை அப்படி ஒன்று முடித்துத்தான் அடுத்தது என்று வரிசையில் நிற்பதில்லை. பாரிஸில் இருக்கிற என் அக்காவின் மகனைப் பாருங்கள். வீட்டில் தமிழ், பாடசாலையில் பிரெஞ்சு, அதோடு ஆங்கிலம். பிரான்சில் 2016 இலிருந்து பன்னிரண்டு வயதளவிலேயே இரண்டாவது வெளிநாட்டு மொழியும் தொடங்கிவிடுகிறார்கள், அதனால் அவன் ஸ்பானிய மொழியும் படிக்கிறான். ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைவர்கள் 2002 இல் பார்சிலோனாவில் கூடியபோதே தாய்மொழியைத் தவிர இன்னும் இரண்டு மொழிகளைச் சிறு வயதிலிருந்தே கற்பிக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அவனும் என் மகளும் ஒரே வயது, ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள். ஆகஸ்டில் அவர்கள் லீவுக்கு வரும்போது, காலி வீதி முழுக்க வெளிநாட்டுப் பிள்ளைகளாக இருக்கிற அந்த நாட்களில், இரண்டு பேரும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொண்டு போனில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து வைத்து ஒருவரை ஒருவர் விசாரிப்பார்கள். அவனுடைய தமிழ் சோறு, தண்ணி, அம்மம்மா என்கிற அளவில் நிற்கிறது. இவளுக்குப் பிரெஞ்சு இல்லை. அவன் தமிழ் படிக்க வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் அக்காவைப் பிடித்து ஏசுகிறோம், ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கும் அனுப்புகிறாள் பாவம், நம் பக்கத்துப் பிள்ளை அவனுடைய மொழியில் இரண்டு வசனம் பேசினால் அவனுக்கும் தமிழ் பேசுகிற ஆர்வம் வரும் என்று நான் நம்புகிறேன்.

"மொழி படிப்பித்தால் எல்லாப் பிள்ளையும் நாட்டை விட்டுப் போய்விடும்" என்பது இன்னொரு பேச்சு. மொழி தெரியாமலே போய்க்கொண்டுதானே இருக்கிறார்கள்? தெரிந்து போகிறவர் தாதியாக, தொழில்நுட்பவியலாளராக, தன் சம்பளச் சீட்டையும் ஒப்பந்தத்தையும் தானே வாசித்துக் கையெழுத்து வைக்கிறவராகப் போவார். தெரியாமல் போகிறவர் ஏஜென்சிக்காரர் சொன்னதை நம்பிப் போவார். மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போய்த் துன்பப்பட்டு வந்த மலையகத்துப் பெண்கள், கிழக்கு மாகாணத்துப் பெண்கள் எத்தனை பேரின் கதையை உங்கள் பத்திரிகையே போட்டிருக்கும்? அரபில் ஒரு முறைப்பாட்டைச் சொல்லத் தெரிந்திருந்தால் அவர்களில் சிலருடைய கதையாவது வேறு மாதிரி முடிந்திருக்கும். போகாமல் இங்கேயே இருக்கிறவர்களுக்கும் வேலை உண்டு. இந்த நாட்டுக்கு வருகிற சுற்றுலாப் பயணிகளில் ரஷ்யர்கள், ஜேர்மன்காரர்கள், பிரெஞ்சுக்காரர்கள் பெரும் பங்கு. அவர்கள் அறுகம்குடாவுக்கும் பாசிக்குடாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வருகிறார்கள், நல்லூர்த் திருவிழாவைப் பார்த்து நிற்கிறார்கள், அந்த ஊர் மொழியும் தெரிந்து அவர்களுடைய மொழியும் தெரிந்த வழிகாட்டி கிடைப்பது கஷ்டம்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மொழி என்றால் வேலைக்கும் விசாவுக்கும் மட்டும் என்று என் கடிதத்தை வாசித்து யாரும் நினைக்கக்கூடாது. ஊர்காவற்றுறைப் பக்கம் கரம்பொனில் 1913 இல் பிறந்த தனிநாயகம் அடிகள் ரோமில் படித்தவர், பல ஐரோப்பிய மொழிகளை அறிந்தவர். அந்த மொழிகளோடு அவர் லிஸ்பனுக்கும் வத்திக்கானுக்கும் போய்த் தேடியதால்தான் 1554 இல் லிஸ்பனில் உரோமன் எழுத்தில் அச்சான தமிழ் நூலைப் பற்றியும், 1679 இல் அச்சான தமிழ் - போர்த்துக்கேய அகராதியைப் பற்றியும் தமிழுலகம் விரிவாக அறிந்தது. அந்த அகராதியை அவர் 1966 இல் மலேசியாவிலிருந்து மறுபடி பதிப்பித்தார். போர்த்துக்கேயமும் ஒல்லாந்தும் தெரிந்த தமிழர்கள் இன்று நம்மிடம் எத்தனை பேர்? இந்தத் தீவின் கரையோரத்தில் முன்னூறு வருடத்துக்கு முந்தைய வாழ்க்கை, காணி, வரி, சண்டை எல்லாம் அந்த மொழிகளில் எழுதப்பட்ட ஏடுகளில் கிடக்கிறது. இங்கே கொழும்பிலேயே தேசிய சுவடிக்கூடத்தில் ஒல்லாந்தர் காலத்துப் பதிவுகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள், வாசிக்கத்தான் ஆளில்லை. ஒரு பிள்ளைக்குப் பதின்மூன்று வயதில் ஜேர்மன் வந்தால் இருபதில் ஒல்லாந்து படிப்பது அவ்வளவு கடினமில்லை, இரண்டும் அடுத்தடுத்த வீட்டு மொழிகள்.

நாளைக்கே எல்லாப் பாடசாலையிலும் எட்டு மொழியையும் தொடங்குங்கள் என்று நான் கேட்கவில்லை. கொழும்பு வலயத்தில் தமிழ்மொழி மூலப் பாடசாலைகள் ஒன்றுக்கொன்று பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்துப் பாடசாலைகளை ஒரு கொத்தணியாகவும் கொட்டாஞ்சேனை, மருதானைப் பக்கத்தை இன்னொன்றாகவும் எடுத்து, கொத்தணிக்கு ஒரு மொழி, ஒரு ஆசிரியர் என்று சனிக்கிழமை வகுப்பாகவாவது தொடங்கலாம். தூதரகங்களோடும் கலாசார நிலையங்களோடும் பேசினால் ஆசிரியர் பயிற்சிக்கு உதவி கிடைக்கும் வாய்ப்பு நிறைய இருக்கிறது. அதில் முதலில் சேர்ந்து படிக்கிற பிள்ளைகள் உயர்தரத்துக்குப் போய், அவர்களில் ஐந்து பேர் களனிக்குப் போனாலே அந்த வட்டம் ஒரு இடத்தில் உடையும். இது என் பின்னேர வகுப்பைக் குறைக்கிற பேச்சுத்தான் என்பது எனக்குத் தெரியும். குறையட்டும், நான் பாடசாலையில் போய்ப் படிப்பிக்கத் தயார்.

இந்த வருடம் ஒன்பதாம் தரத்தில் பிள்ளை வைத்திருக்கிற பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். தொகுதிப் பாடப் படிவம் வரும்போது அதில் உள்ளதில் ஒன்றுக்கு அடையாளம் போட்டு அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் பிள்ளை எந்த வெளிநாட்டு மொழியைப் படிக்க விரும்புகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்து அதிபரிடம் கொடுங்கள், ஒரு பிரதியை வலயக் கல்விப் பணிமனைக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கேட்கிற பிள்ளைகள் இத்தனை பேர் என்று ஒரு கோப்பில் இருந்தால்தான் ஆளணி கேட்கிற அதிபருக்குக் கையில் ஆதாரம் இருக்கும். ஆசிரியர் அவர்களே, உங்கள் பத்திரிகை கல்வி அமைச்சிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு அதன் பதிலை வெளியிட்டால் பெரிய உதவி: தமிழ்மொழி மூலம் வெளிநாட்டு மொழி கற்பிக்க இன்று நாடு முழுவதும் எத்தனை ஆசிரியர்கள் நியமனத்தில் இருக்கிறார்கள், எந்தெந்தப் பாடசாலைகளில்?

இப்படிக்கு,
ஒரு தாய், ஜேர்மன் மொழி ஆசிரியை
வெள்ளவத்தை, கொழும்பு 06